சிவப்பு மையால் வெட்டிய பூச்சியம்

“வெறுங்கையோட வந்து நிக்காதீங்கோ” என்று நான் சொன்னது பகிடிக்கு. முதல் நாள் களத்துக்குப் புறப்படும்போது, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக பஸ் தரிப்பிடத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் வாயில் வந்த வசனம். படிப்பிக்கிறவர்கள் ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ சொல்லுவோம், சொன்ன கையோடு மறந்தும் விடுவோம். நான் மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் படிப்பிக்கும் தற்காலிக விரிவுரையாளர். அதோடு விஞ்ஞானக் கல்வியில் ஒரு மேற்பட்டத்துக்காக ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். உலகத்தின் பல மூலைகளில் சாதாரண சனங்கள் பறவையை, ஆமையை, வண்ணத்துப்பூச்சியை எண்ணி எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த உயிர் குறைகிறது, எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் அதை வைத்து முடிவு செய்கிறார்கள். இதற்கு மக்கள் விஞ்ஞானம் என்று பெயர். பட்டப்படிப்புப் பிள்ளைகளை அப்படியொரு கணக்கெடுப்பில் இறக்கிவிட்டால், அவர்கள் விஞ்ஞானி மாதிரி யோசிக்கப் பழகுவார்களா என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. பிள்ளைகள் பறவைகளைக் கவனித்தார்கள், நான் பிள்ளைகளைக் கவனித்தேன். கவனித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறிஞ்சாக்கேணிப் பக்கம், கடற்களப்பின் ஓரமாக, கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு சேற்றுத்தரை இருந்தது. இருந்தது என்று எழுதும்போதே கை கூசுகிறது. தண்ணீர் வற்றும் நேரங்களில் அங்கே பெண்கள் குனிந்து நின்று மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள். ஒக்டோபர் பிறந்தால் எங்கோ வடக்கிலிருந்து உள்ளான் பறவைகள் கூட்டமாக வந்து, அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் எட்ட நின்று, அதே சேற்றைக் கொத்தித் தின்னும். அந்த இடத்தை நிரப்பிப் பெரிய கட்டடம் ஒன்று எழுப்பப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டது. நிரப்பலாமா கூடாதா என்று பெப்ரவரியில் ஒரு கூட்டம் வைத்து முடிவெடுப்பார்களாம். பறவைகள் வந்து தங்கும் இடம், நிரப்பினால் அவை போய்விடும் என்று கணக்கோடு காட்டினால் இடம் தப்பலாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இடம் தப்பினால் பறவையும் தப்பும், மட்டி பொறுக்கும் பெண்களும் தப்புவார்கள். எண்ணுவதற்கு என்னிடம் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காயாக என் ஆய்வும் நடக்கும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கணக்கெடுப்புத் தாளை நான்தான் வடிவமைத்தேன். மூன்று இரவுகள் கணினிக்கு முன் இருந்து கோடு போட்டேன். மேலே ‘இடம்’ என்ற பெட்டியில் சேற்றுத்தரையின் பெயரை முன்கூட்டியே அச்சடித்துவிட்டேன், பிள்ளைகளுக்கு எழுதும் வேலை மிச்சம் என்று. அதன் கீழே பறவையின் பெயர், எண்ணிக்கை, நேரம். கடைசியில் ‘வேறு குறிப்புகள்’ என்று ஒரு வரி. ஒவ்வொரு தாளுக்கும் பரீட்சை மாதிரிப் புள்ளி உண்டு. எத்தனை இனம் கண்டார்கள், எத்தனை பறவை எண்ணினார்கள் என்பதை வைத்துப் புள்ளி. ஒன்றுமே காணாவிட்டால் எத்தனை புள்ளி என்று நான் யோசிக்கவேயில்லை. இத்தனைக்கும் ‘பறவை இல்லை என்பதும் ஒரு தரவு’ என்று என் ஆய்வு முன்மொழிவில் நானே எழுதியிருந்தேன். எழுதுவதற்கென்ன.

பிள்ளைகளில் பதினொரு பேர் வெளியூர், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். அவர்கள் இருவர் மூவராக, சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் எண்ணிவிட்டு வருவார்கள். மீதி ஒரு பிள்ளை குறிஞ்சாக்கேணியிலேயே வீடு உள்ளவள். சேற்றுத்தரைக்கும் அவளுடைய வீட்டுக் குசினிக்கும் இடையில் ஒரு வேலிதான். அதனால் அவள் தனியாக, கிழமை நாளொன்றில் காலையில் எண்ணுவதென்று ஏற்பாடு. மட்டி பொறுக்கும் பெண்களில் அவளுடைய உம்மாவும் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதிகம் பேசாத பிள்ளை. கேள்வி கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் விடை சொல்வாள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் முழுக்கக் கொண்டாட்டம். எல்லாத் தாள்களிலும் நூற்றுக்கணக்கில் பறவைகள். அந்தப் பிள்ளையின் தாள்களிலும் அப்படித்தான். நவம்பரில், கூட்டம் நடப்பதற்கு முன்பே, சேற்றுத்தரையின் ஓரமாகப் பாதை போடுகிறோம் என்று சொல்லி டிப்பர் லொறிகளில் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். இதை நான் கண்ணால் காணவில்லை. களத்துக்கு நான் போனதே இரண்டு தடவைதான், இரண்டும் ஒக்டோபரில். மற்ற நாட்களில் ஆய்வுக்காகப் பிள்ளைகள் நிரப்பிய வினாக்கொத்துகளைத் திருத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்தேன்.

அந்த மாதம் அவளிடமிருந்து நான்கு கிழமை தொடர்ந்து ஒரே மாதிரித் தாள் வந்தது. எண்ணிக்கை என்ற இடத்தில் ஒரு பூச்சியம். குறிப்பு வரியில், “டிப்பர் ஓடுகிறது. பறவை இல்லை.” அடுத்த கிழமை, “டிப்பர் எட்டுத் தரம் வந்தது. பறவை இல்லை.” மற்றப் பிள்ளைகளின் தாள்களோ வழமைபோல நிறைந்து வழிந்தன. ஒரே சேறு, ஒரே மாதம், எல்லாருக்கும் தெரிகிற பறவை இவளுக்கு மட்டும் தெரியவில்லையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். சிவப்புப் பேனையை எடுத்து நான்கு பூச்சியங்களையும் வெட்டினேன். நான்காவது தாளின் அடியில் எழுதினேன்: “இது பறவைக் கணக்கெடுப்பு. டிப்பர் கணக்கெடுப்பு அல்ல. நேரத்தோடு போகவும். அக்கறை போதாது.” எழுதிவிட்டு, நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு திருப்தி வேறு.

அவளைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன்.

“பறவை வரல்ல, மிஸ்” என்றாள்.

“மற்ற ஆக்களுக்கு எப்பிடி வருது?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “தெரியா, மிஸ்.”

“வீட்டு வாசல்ல பறவைய வச்சுக்கொண்டு நீங்கள் இப்பிடி எழுதினா, பஸ்ஸில போற பிள்ளையள் என்ன நினைக்கும்?”

 அடுத்த கிழமையிலிருந்து அவளுடைய தாளிலும் பறவைகள் வந்து இறங்கின. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆய்வின் நான்காம் அத்தியாயத்தில் அவளைப் பெயர் சொல்லாமல் உதாரணமாகவே காட்டினேன். ஆரம்பத்தில் அவதானிக்கும் திறன் குறைந்த ஒரு மாணவி, தக்க வழிகாட்டலுக்குப் பிறகு மற்றவர்களுக்குச் சமமாக முன்னேறினாள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். தக்க வழிகாட்டல் என்றால் நான்.

ஜனவரியில் எல்லாத் தாள்களையும் சேர்த்து ஒரு அட்டவணை செய்து, கூட்டம் நடத்தப் போகும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். கேட்காமலேயே அனுப்பினேன். பாருங்கள், எத்தனை பறவைகள் என்று ஒரு கடிதமும் வைத்தேன்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, திரையில் காட்டுவதற்கு நல்ல படங்கள் வேண்டுமென்று பிள்ளைகளிடம் கேட்டேன். கைப்பேசிக்கு வரிசையாக வந்து விழுந்தன. டிசம்பர் மாதத்துப் படமொன்றில் உள்ளான்கள் அழகாக வரிசை கட்டி நின்றன. அவற்றுக்குப் பின்னால், தென்னைகளுக்கு மேலே, ஒரு ஹோட்டலின் நீலத் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. குறிஞ்சாக்கேணியில் ஹோட்டலும் இல்லை, நீலத் தாங்கியும் இல்லை. நிலாவெளி வீதியில் வளாகத்துக்கு பஸ்ஸில் போகும்போது தினமும் நான் காணும் தாங்கி அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு அடுத்த படத்தைப் பார்த்தேன். அதிலும் அதே தாங்கி.

பதினொரு பேரையும் அறைக்குக் கூப்பிட்டேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கத்தினேன்.  கடைசியில் ஒரு பெடியன் மெல்லச் சொன்னான்.

“அங்க போனனாங்கள்தான், மிஸ். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனனாங்கள். டிப்பர் வந்த பிறகு ஒரு பறவையும் இருக்கேல்லை. ரெண்டு மணித்தியாலம் காவல் இருந்து பாப்பம்.”

“பிறகு?”

“பிறகு பஸ் ஏறி வந்து, நிலாவெளிப் பக்கம் தண்ணி நிக்கிற இடத்தில எண்ணுவம். அங்க நிறைய நிக்கும். ஒண்டையும் கூட்டி எழுதேல்லை, மிஸ். எண்ணினதை எண்ணினபடியே எழுதினனாங்கள்.”

“இடம் எண்டு ஒரு பெட்டி இருந்ததே?”

“அதில நீங்கள்தானே முதலே அடிச்சு வச்சிருந்தனீங்கள்.”

பின்னால் நின்ற பிள்ளை ஒன்று அழுதுகொண்டே சொன்னாள்: “வெறுங்கையோட வரக் கூடாதெண்டு சொன்னனீங்கள், மிஸ்.”

எனக்கு அப்போதுதான் அந்த பஸ் தரிப்பிடம் ஞாபகம் வந்தது. இவர்களைக் கள்ளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் காத்து நின்று, இல்லாததைத் தேடி இன்னொரு பஸ் ஏறி நிலாவெளி வரை போய், ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள். ஆய்வுக்காக நான் எழுதச் சொன்ன அனுபவக் குறிப்பேடுகளில் எல்லாரும் ‘பொறுமையைக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்ததை நான் சிரித்துக்கொண்டே வாசித்திருக்கிறேன். அது உண்மைதான் போல.

அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். நான் அனுப்பிய அட்டவணை சொல்வது இதுதான்: கிரவல் கொட்டத் தொடங்கிய பிறகும் சேற்றுத்தரையில் ஒரு பறவையும் குறையவில்லை. நிரப்ப விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பேசாமல் இருந்தால் என் அட்டவணையே அந்த இடத்தைக் கொன்றுவிடும். அட்டவணை பொய் என்று திரும்பப் பெற்றால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. டிப்பர் வந்ததும் பறவை போய்விட்டது என்ற உண்மையைக் களத்தில் நின்று கண்டு, அந்தந்தக் கிழமையே எழுதி வைத்தது ஒரே ஒரு ஆள். அவள் எழுதியதை வெட்டியது நான். தலையை மேசையில் வைத்து, வாய்விட்டு அழுதேன். என் ஆய்வு போனதற்காக அழுதேனா, சேற்றுக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது.

அடுத்த நாள் காலை குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். சேற்றுத்தரையில் பாதி சிவப்புக் கிரவலாகக் கிடந்தது. மீதிப் பாதியில் இரண்டு பெண்கள் குனிந்து நின்றார்கள். பறவை ஒன்றும் இல்லை. ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். ஒரேயொரு கொக்காவது வந்து இறங்காதா என்று மனம் கேட்டது, வந்தால் என் வாதம் கெட்டுவிடுமே என்றும் கேட்டது. அந்த நிலைக்கு வந்திருந்தேன்.

குனிந்து நின்றவர்களில் ஒருவர் வாளியோடு கரையேறி வந்தார். அவர்தான் அந்தப் பிள்ளையின் உம்மா. கையெல்லாம் சேறு. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். பிள்ளை வந்து கதவோரம் நின்றாள்.

“டிசம்பர்ல இருந்து நீங்கள் எழுதின எண்ணிக்கை எல்லாம் எங்க இருந்து வந்தது?” என்று கேட்டேன். இந்த முறை என் குரலில் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை.

“மற்றப் பிள்ளையள்ட தாளப் பாத்து, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதினன், மிஸ்.” கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “முதல்ல வேணுமெண்டுதான் எழுதினன். பிறகு, எனக்குத்தான் கண் தெரியல்லயோ எண்டு நினைச்சன். எல்லாருக்கும் தெரியுதுதானே.”

உம்மா என்னைப் பார்த்து, “என்ன டீச்சர், பிள்ள ஏதும் பிழை விட்டுட்டாளா? நீங்க சொல்றத அப்பிடியே கேக்கிற பிள்ள” என்றார். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. மகளுக்காகப் பரிந்து பேசினார், அவ்வளவுதான். தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெட்டிய நான்கு தாள்களும் என் கோப்பில் இருந்தன. அவைதான் மிச்சம். அவற்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். பிள்ளையையும் வரச் சொன்னேன். ஊர்ச் சனங்கள் சிலரோடு அவளும் பின்வரிசையில் வந்து இருந்தாள்.

கட்டடம் கட்டப் போகிறவர்கள் சார்பில் ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். அவர் கையில், நான் அலுவலகத்துக்கு அனுப்பிய அதே அட்டவணை, நிறம் தீட்டி, அழகாகப் பிரதி எடுத்து.

“மெடம், இது உங்கட அட்டவணைதானே? நவம்பர்ல இருந்து நாங்கள் கிரவல் கொட்டுறம். உங்கட பிள்ளையள் எண்ணின பறவை ஒண்டும் குறையேல்லை. சில கிழமை கூடியும் இருக்கு. அப்ப எங்களால என்ன பாதிப்பு?”

எழுந்து நின்றேன். “அந்த அட்டவணை பிழை” என்றேன். எப்படிப் பிழையானது என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். தாளில் இடத்தை முன்கூட்டியே அச்சடித்தது, புள்ளி போட்ட முறை, நிலாவெளி, எல்லாம். சிலர் சிரித்தார்கள். தலைமை தாங்கிய அதிகாரி சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், உண்மையிலேயே கேட்டார்: “அப்ப சரியான கணக்கு எது?”

நான்கு தாள்களையும் அவரிடம் கொடுத்தேன். கூடவே, கடைசி ஐந்து நாட்கள் நானே போய் நின்று எழுதிய பூச்சியங்களையும் கொடுத்தேன். என்னுடையதை அவர் ஒதுக்கி வைத்தார். பெப்ரவரியில் பறவை வடக்குக்குத் திரும்பிப் போயிருக்கலாம்தானே என்றார். அது நியாயம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான்காவது தாளைச் சத்தமாக வாசித்தார்.

“இது பறவைக் கணக்கெடுப்பு. டிப்பர் கணக்கெடுப்பு அல்ல. நேரத்தோடு போகவும். அக்கறை போதாது.” நிமிர்ந்தார். “இந்தச் சிவப்பு எழுத்து ஆரின்ர, மெடம்?”

“என்ர.”

“பிழை எண்டு வெட்டினதும் நீங்கள். இப்ப சரி எண்டு கொண்டு வாறதும் நீங்கள்.”

“ஓம்.”

“இதை நான் என்னெண்டு எடுக்கிறது?”

 அவர் பின்வரிசையைப் பார்த்து, “எழுதின தங்கச்சி வந்திருக்கிறாவா? நீங்கள் சொல்லுங்கோ. அந்த நாளையில அங்க பறவை இருந்ததா, இல்லையா?” என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். மண்டபத்தில் உம்மாவும் இருந்தார், வேலியும் சேறும் அவளுடையவை, டிப்பரை எட்டுத் தரம் எண்ணியவள் அவள். ஒரு சொல் போதும். ஆனால் அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். சொல், கண்டதைச் சொல் என்று உள்ளே கெஞ்சினேன். வாயைத் திறந்து சொல்லிக் கொடுத்தால் அதையும் நான் சொல்லிக் கொடுத்தேன் என்பார்கள். அதனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன். என் முகத்தில் விடை இல்லாததைக் கண்டு அவள் பயந்துபோனாள்.

“மிஸ் எது சரி எண்டு சொல்றாவோ, அதுதான், சேர்” என்றாள்.

அதிகாரி நான்கு தாள்களையும் அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தார். போதிய தரவு இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போனார்.

வெளியே வெயில் கொளுத்தியது. அவளை ஒரு மர நிழலுக்குக் கூட்டிப் போய், இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். “பிள்ளை, நீங்கள் எழுதின பூச்சியம்தான் சரி. எல்லாத்திலயும் சரி அது ஒண்டுதான். பிழை விட்டது நான்.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தோள்பையைத் திறந்து பேனையைத் தேடி எடுத்தாள்.

“அப்ப மற்றக் கிழமையளுக்கும் பூச்சியம் எண்டு மாத்தி எழுதித் தரட்டா, மிஸ்?” என்று கேட்டாள்.